ஊசியை எடுத்த இடம்

போன ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் ஒரு கலியாணம். சாப்பாடு முடிந்ததும் இளசுகள் ஆடுவதற்குப் பாட்டுப் போட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரியாத பாட்டுகள். காது வலிக்க, எழும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கைதட்டல் தொடங்கியது. முதலில் வெறும் கைதட்டல், பிறகு மேளம், பிறகு அந்தக் குரல். உன்னுடைய இங்கிலீஷ் றெக்கோட், மச்சான்.

செட்டிபாளையத்தில், நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியைப் பார்த்தபடி உன் ஒலிபெருக்கிக் கடை இருந்தது. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டுவது உன் தொழில். சண்டை வந்தபின் இரண்டுமே குறைந்துபோயின. ஆனாலும் நீ சும்மா இருக்கிற ஆளா? மின்சாரம் இல்லாவிட்டால் உழவு மெசினிலிருந்து பற்றரியைக் கழற்றி வந்து, கூரைக்கு மேல் கட்டிய ஸ்பீக்கர்க் குழாயில் ஏதாவது பாடவிடுவாய். கேட்டால் மெசினைச் சோதிக்கிறேன் என்பாய்.

பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டுமாக அடுக்கி வைத்திருந்த தட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு இங்கிலீஷ் தட்டு. கப்பலில் வேலை செய்த உன் அண்ணன் கொண்டுவந்து தந்தது. கண் தெரியாத ஒரு கறுப்பினப் பாடகரின் பெயர் பெற்ற பாட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, நடுவே கைதட்டலால் ஒட்டி, ஒரே பாட்டாக்கி இருந்தார்கள். பாடுவது அவரேதான் என்று நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். அர்த்தம் தெரியாமல் நீ கூடவே பாடுவதைக் கேட்டால் அந்த மனிதர் காதையும் பொத்திக்கொண்டிருப்பார்.

எனக்கு ஆசிரியர் நியமனம் வராமல் இழுபட்ட காலம் அது. அப்பாவின் தோணியை எடுத்துக்கொண்டு வலை போடப் போனேன். என்னைப் போலப் பல இளைஞர்கள் போனார்கள். ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடிக்கிற நேரம் கரைக்கு வந்த இளைஞர்களில் சிலர் பிறகு வீடு திரும்பவே இல்லை. தண்ணீரில் நிற்கிற எங்களுக்குக் கரையில் நடப்பது எப்படித் தெரியும்? அதற்கு வழி சொன்னது நீ.

"ஆத்துக்க நிக்கக்குள்ள இந்த இங்கிலீசுப் பாட்டுக் கேட்டா கரைக்கு வராதீங்க. ஆமி வந்திட்டான் எண்டு நினைச்சுக்கங்க."

கொஞ்ச மாதம் இது நன்றாகத்தான் நடந்தது. கைதட்டல் தண்ணீருக்கு மேலால் வந்ததும் தண்ணீருக்குள் அடர்ந்து நிற்கிற கண்ணாப் பற்றைக்குள் தோணியை விட்டுவிட்டுக் குனிந்து இருப்போம். பிறகு யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. ஆமிக் காம்பிலிருந்த ஒரு சிப்பாய்க்கு உன் பாட்டுப் பிடித்துப்போயிற்று. தன் ஊரில் ஏதோ பாட்டுக் குழுவில் கிற்றார் வாசித்தவனாம். ரோந்து போகிற வழியில் கடை வாசலில் நின்று, அதையே போடச் சொல்லிக் கேட்கத் தொடங்கினான். போடமாட்டேன் என்று உன்னால் சொல்ல முடியுமா? சுற்றிவளைப்பே இல்லாத நாட்களில் நாங்கள் பற்றைக்குள் பயந்து கிடக்க, பிடித்த மீனெல்லாம் பழுதாயிற்று. ஆமிக்காரனுக்குப் பாட்டுப் போடுகிறவன் என்று ஊரில் உன்னைப் பற்றிக் கதையும் எழும்பியது. அந்த நாட்களில் அப்படி ஒரு கதை போதும், துரோகி என்று ஆளை முடிக்க.

அந்தச் சிப்பாய்தான், தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லிலும் கைச் சாடையிலும், தட்டில் பாடுவது அந்தப் பாடகர் இல்லை என்று சொன்னானாம். அவர் மேல் உள்ள மதிப்பில் வேறு யாரோ அவர் மாதிரியே பாடியதாம். எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. நீ சிரித்தாய்.

"ஆர் பாடினா என்ன மச்சான். அந்தாளை நினைச்சுத்தானே பாடுறாங்க."

அதோடு ஏற்பாட்டையும் தலைகீழாக மாற்றினாய். தோணிகள் திரும்புகிற காலை நேரத்தில் அந்தப் பாட்டு தினமும் திரும்பத் திரும்ப ஓடும். ஓடினால் வரலாம். நடுவில் நின்றால் வரக்கூடாது. சிப்பாய்க்கும் பாட்டு, எங்களுக்கும் கரை. அவன் மாற்றலாகிப் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை வலையை இழுத்துவிட்டுக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தோம். ஒரு பாட்டுத் துண்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், கைதட்டல் மட்டும் கேட்கிற இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் பாட்டு அறுந்தது. துடுப்பை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தோம். மறுபடி கேட்கவே இல்லை. தோணிகளைத் திருப்பினோம்.

நடந்ததை உன் அக்கா சொல்லித்தான் தெரியும். ஆமிக்காரர் படலையைத் திறந்ததுமே நீ ஊசியைத் தூக்கிவிட்டாயாம். பேசாமல் ஓடவிட்டிருந்தால் உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவன் கேட்டான். திரும்பப் போடு என்றான். அதற்குள் உன் பெருவிரலுக்குக் கீழே ஊசி முறிந்திருந்தது.

"ஊசி முறிஞ்சு போச்சு ஐயா" என்று மட்டும் சொன்னாயாம். உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பின்னேரம்வரை பற்றைக்குள் இருந்துவிட்டு வந்தோம். தோணிகளில் போன அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்தோம். நீ வரவில்லை. அக்கா ஏறி இறங்காத காம்பு இல்லை. நீ அங்கே இல்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள். இன்றுவரை அவர் உனக்குத் திவசம் செய்யவில்லை. செய்யச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பிறகு நியமனம் கிடைத்தது. படிப்பித்தேன், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தேன், தலையும் நரைத்தது. அந்தப் பாட்டை மட்டும் அன்றைக்குப் பிறகு நான் கேட்டதில்லை. கலியாண மண்டபத்தில் அது, அன்று அறுந்த அந்த இடத்தை நெருங்கியது. கைதட்டல் மட்டும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை, மச்சான். அடுத்த துண்டைப் பிடித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். கடைசிவரை ஓடியது.

வீட்டுக்கு வரும் வழியில் வாவிப் பாலத்தில் இறங்கி, இருட்டும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு ஓடினால் வரலாம் என்று சொன்னவன் நீதானே. இப்போது ஓடுகிறது. நாங்கள் எல்லோரும் கரையில்தான் நிற்கிறோம்.