நடுவில் நிற்கும் முள்

செவ்வாய், வடக்குச் சமவெளி நிலையம். ஒன்றாம் வண்டியின் ஓட்டப் பதிவேடு. எழுதுவது பூவராகன், வண்டிப் பொறுப்பாளர். ரேடியோவில் வரும் குரலை இந்தப் பதிவேடு தானே எழுதிக்கொள்ளும்.

நாள் 1412, 09:10

நிலையத்திலிருந்து கிளம்பினேன். போகுமிடம் துளைக்கிணறு, 62 கி.மீ. சுமை ஆறு குழாய்கள். மீத்தேன் முழு டாங்க். எண்ணெய் சரி. கூலன்ட் சரி. வெப்பமானி முள் நடுவில். ஆயுத பூஜை முடிந்து ஐந்து வாரத்தில் இதுதான் முதல் நீண்ட ஓட்டம்.

வண்டிக்கு வயது பத்தொன்பது. நிலையத்தில் இருப்பது இரண்டே வண்டிகள், இரண்டும் ஒன்றாக வந்திறங்கியவை. ஆட்களும் இப்போது இருவர்தான்: நானும், கல் ஆராய்ச்சி செய்யும் பரிமளாவும். மற்ற ஆறு பேரும் மூன்று வாரம் முன் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். போனவர்கள் சீட்டுக்கு அடியில் முறுக்குத் தூளும் எண்ணெய்க் காகிதமும் விட்டுப் போயிருக்கிறார்கள். மனிதர்களா இவர்கள்?

10:45

பெரிய மேடு ஏறுகிறேன். உள்ளே இனிப்பு வாடை, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி. பூஜையன்று எவரோ சர்க்கரைப் பொங்கலை வண்டிக்குள் சிந்திவிட்டுத் துடைக்காமல் போயிருக்க வேண்டும். ஐந்து வாரப் பொங்கல். குமட்டுகிறது. முள் நடுவில்.

10:58

எஞ்சின் நின்றுவிட்டது. வண்டிக்குள் ஒரே ஆவி. எஞ்சின் அறை உள்ளிருந்தே திறக்கும், திறந்தேன். கூலன்ட் கொதித்துப் பொங்கி எங்கும் வழிந்திருக்கிறது. கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கிறது. கைவெப்பமானி 131 டிகிரி காட்டுகிறது. முன்னால் இருக்கும் முள், வெட்கமே இல்லாமல், இப்போதும் நடுவில்.

எஞ்சின் ஓடினால்தான் மின்சாரம். மின்சாரம் இருந்தால்தான் காற்று சுத்தமாகும். பேட்டரி ஒன்பது மணி நேரம் தாங்கும். நிலையம் 31 கி.மீ. பின்னால். வெளியே போகும் உடையில் ஒரு மணி நேரக் காற்றுதான். நடந்து போக வழியில்லை.

11:20

பரிமளாவிடம் சொல்லிவிட்டேன்.

பரிமளா: "பதறாதீங்கண்ணே. ரெண்டாம் வண்டிய எடுத்துக்கிட்டு நானே வாறேன். நீங்க சும்மா பேசிப் பேசி பேட்டரியக் காலி பண்ணாதீங்க."

12:05

சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். பொய் சொன்னது யார் என்று பார்க்கிறேன். சென்சார் வயரைக் கழற்றி வண்டிச் சட்டத்தின் வெறும் இரும்பில் வைத்தேன். முள் துள்ளிச் சிவப்புக்குப் போனது. ஆக, முள்ளும் சரி, வயரும் சரி.

12:40

பரிமளா: "கெளம்பிட்டேண்ணே. வண்டி ஜோரா ஓடுது."

12:55

சென்சாரைக் கழற்றி டீக் கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைத்தேன். கணக்குப்படி என்ன காட்ட வேண்டுமோ அதையே காட்டுகிறது. அதுவும் சரி. இனி அந்தக் கெட்டிலில் டீ குடிக்க முடியாது. மிச்சம் இருப்பது எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் வயர் ஒன்றுதான்.

13:30

கிடைத்துவிட்டது. எர்த் வயரை முறுக்கியிருக்கும் போல்ட்டின் அடியில் பெயிண்ட். வெளியே சிந்திய பெயிண்ட் இல்லை. போல்ட்டைக் கழற்றி, அடியில் அழகாகப் பூசி, காய்ந்த பிறகு திரும்ப முறுக்கியிருக்கிறான் ஒரு பிரகஸ்பதி. பெயிண்டைத் தாண்டி மின்சாரம் சரியாகப் போகாது. எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் முள்ளுக்குத் தெரியாது. பூஜைக்கு வண்டி பளபளக்க வேண்டுமாம். மாம்பழ மஞ்சள் வேறு. இவனையெல்லாம் வண்டிப் பக்கம் விட்டது யார்? காறித் துப்பலாம் போலிருக்கிறது.

13:42

சுரண்டினேன். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பூச்சு.

துரு பிடிக்கக்கூடாது என்று போல்ட்டைக் கழற்றி மூன்று பூச்சு அடிக்கும் ஆள் நிலையத்தில் ஒருவன்தான். பூஜை வேலையைப் பங்கு பிரித்தபோது எஞ்சின் அறை என் பங்குக்கு வந்தது. மற்றவர்கள் ஒரு பூச்சு அடித்ததற்கு அவர்களைக் கேலி செய்ததும் நான்தான்.

இரண்டு வண்டிக்கும் நான்தான் அடித்தேன்.

13:50

முள் ஏறினால் ரேடியேட்டரை அடைக்கும் தூசியைக் கழுவுவது என் வழக்கம். ஐந்து வாரமாக முள் ஏறவில்லை. இரண்டு வண்டியையும் நான் கழுவவில்லை.

பரிமளாவைக் கூப்பிடுகிறேன். வேகத்தைக் குறை, மேடு ஏறாதே, நிறுத்து. குரல் போகவில்லை. ரேடியோவைப் பிரித்தேன். கூலன்ட் உள்ளே இறங்கி, அனுப்பும் பகுதி முழுக்கப் பிசின். துடைத்தேன். மறுபடி துடைத்தேன். கேட்க மட்டும் முடிகிறது. உடையில் ரேடியோ கிடையாது.

என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

14:08

பரிமளா: "அண்ணே, மேட்டுக்கிட்ட வந்துட்டேன். வண்டிக்குள்ள ஒரே இனிப்பு வாடண்ணே. பூஜப் பொங்கல எந்தப் புண்ணியவானோ கொட்டிவச்சிருக்கான் போல, கொடலப் பொரட்டுது. முள்ளு நடுவுலதான் நிக்குது. வேகமா ஏறிடுறேன்."

பொங்கலை எவரும் சிந்தவில்லை. அது கூலன்ட் கொதிக்கும் வாடை.

14:12

உடையை மாட்டிக்கொண்டேன். அடிவாரம் நாலு கி.மீ. இறக்கம். ஓடினால் வழியில் அவளை மறிக்கலாம். ஆட்டிக் காட்டக் கைவிளக்கை எடுத்துக்கொண்டேன். ரேடியோவை அணைக்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: எர்த் வயரின் அடியில் சுரண்டிப் பாருங்கள். பெயிண்ட் அடித்தவன் பெயர் பூவராகன்.

14:26, தானாகப் பதிந்தது

பரிமளா: "அண்ணே, வண்டி நின்னுபோச்சு. உள்ள பூராம் ஆவி. முள்ளு நடுவுலதாண்ணே இருக்கு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எஞ்சின் அறையத் தொறக்கவா, வேணாமா? நீங்க சொன்னாத்தான் தொடுவேன். பேசுங்கண்ணே."

14:27, தானாகப் பதிந்தது

பரிமளா: "அண்ணே?"