உன் அம்மா பிசைந்த சோறு

இன்று காலை வெந்நீர்த் தொட்டியில் போட்ட பிளாஸ்டிக் தகடு இளகி, அந்த வாடை அறை முழுக்கப் பரவியது. சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஒரு கொத்தனார், கையை நீட்டியபடி என் எதிரே உட்கார்ந்திருந்தார். தகட்டை எடுத்து அவர் கையில் வளைக்க வேண்டும். நானோ இடுக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா மேடம், மறந்துட்டியா?" என்றார் அவர். மறந்தால் பரவாயில்லை. உன் கைக்கு நான் கடைசியாகச் செய்த பட்டையும் இதே வாடைதான் அடித்தது.

ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலைப் படிப்புக்கு நாம் இருவரும் சேர்ந்த வருடம், நீ என் வீட்டுக்கு வந்தாய். வேடந்தாங்கலில் பறவைகள் பார்க்க வேண்டும் என்பது சாக்கு. என் அப்பா உன்னிடம் கேட்டார்: "கை கால் வராதவங்களுக்கு இன்னா தொழிலு கத்துக் குடுப்பீங்க? தையலா?" நீ சிரிக்காமல் பதில் சொன்னாய்: "சட்டை பட்டன் போடறதும் தொழில்தாம்பா. பல்லு தேய்க்கறது, சோத்தைப் பிசைஞ்சு சாப்பிடறது, எல்லாமே. அது போயிடுச்சுன்னா திரும்பப் பழக்கறதுதான் எங்க படிப்பு." அப்பா மாட்டுத் தொழுவத்துப் பக்கம் பார்த்தார். "அப்போ பால் கறக்குறது?" "அதுவும்தான்." நான் பல வருடமாகச் சொல்லிப் புரியாதது அவருக்கு அன்று புரிந்தது.

முதல் வருடத்தின் கடைசியில் ஒரு செய்முறை வகுப்பு. பிடியின் வலுவை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் அளந்தோம். உன் வலது கை, இடது கையை விட மோசமாகக் காட்டியது.

"ஒழுங்கா அமுக்குடி."

"அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

விளையாடுகிறாய் என்று நினைத்து உன் உள்ளங்கையைத் திருப்பினேன். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழிந்திருந்தது. முழங்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருமே படித்திருந்தோம். நீ மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாய். "வா, கேன்டீன் மூடிடுவான்" என்றாய்.

சென்னையில் எல்லாச் சோதனைகளும் முடிந்து, மோட்டார் நியூரான் நோய் என்று உறுதி செய்தார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். நிறுத்த மருந்து கிடையாது. ஆஸ்பத்திரி நடையில் உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். அணுமின் நிலையத்தில் பழுதான கருவிகளை எல்லாம் சரிசெய்கிற மனிதர். "நீங்க படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார். போன வலுவைத் திருப்பித் தர முடியாது, இருக்கிற வரைக்கும் அவள் வேலையை அவளே செய்ய வழி பண்ணலாம் என்றேன். தலையை ஆட்டினார்.

இரண்டாம் வருடம் உன்னை வார்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். நான் கொதித்தேன். நீதான், "அவங்க சொல்றது சரிதான்டி. பக்கவாதம் வந்த ஆளை நான் எழுப்பி உக்கார வெச்சா, ரெண்டு பேரும் சேந்து விழுவோம்" என்றாய். பெட்டியைக் கட்டிக்கொண்டு, உன் வீடு இருந்த அணுபுரம் குடியிருப்புக்குத் திரும்பினாய். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வருவேன். வகுப்பில் படித்ததையெல்லாம் உன் உடம்பில் செய்து பார்த்தோம். முதலில் பட்டனுக்குப் பதில் ஒட்டும் பட்டை, பிறகு குளியலறையில் கைப்பிடி, பிறகு நாற்காலி. நான் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் நோய் அதைத் தாண்டிப் போய்விடும்.

உன் மணிக்கட்டுக்கு, ஸ்பூன் செருகும்படி ஒரு பட்டை செய்து வந்தேனே, அதோடுதான் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. பாதிச் சோறு உன் நைட்டியில் சிந்தும். உன் அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. திருநெல்வேலிப் பேச்சு அவரிடம் அப்படியே இருந்தது. "ஊட்டி விடுதேன்னா விடமாட்டேங்கா. நீயும் அவளுக்குத்தான் ஒத்து ஊதுத. பிள்ள அரைவயித்தோட எந்திரிக்கால்லா" என்றார் என்னிடம். நீ, "அம்மா, தள்ளு" என்றாய். அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் அழுவது நம் இருவருக்கும் கேட்டது. நீ ஸ்பூனை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனாய்.

கடல் பார்க்க வேண்டும் என்று நீ கேட்ட நாளில் மாமல்லபுரம் போனோம். மணலில் சக்கர நாற்காலி புதைந்துவிட்டது. எங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "இது நவுராது மேடம். நீ காலைப் புடி, நான் தோளைப் புடிக்கிறேன். தூக்கிக்கினு போயிடலாம்." அலை தொடும் இடத்தில் உன்னை என்மேல் சாய்த்து உட்காரவைத்தோம். அதற்குள் உன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்டேன்.

"இனிமே ஸ்பூன் வேணாம். அம்மாவே ஊட்டட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் உன்னால முடியுது. ஏன் விடற?"

"முடியுது. அப்பாவுக்கு ஆபீஸ் இருக்கு. உனக்குப் படிப்பு இருக்கு. அவங்க கைக்கு என்ன வேலை இருக்கு, சொல்லு?"

உன் காலடி மண்ணை அலை அரித்துக்கொண்டு போனது. காலை இழுத்துக்கொள்ள உன்னால் முடியாது என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு அம்மா ஊட்டினார். ரசத்தை வடிகட்டிச் சோற்றில் விட்டு, காரமில்லாமல், பருக்கை தெரியாமல் பிசைவார். சோறு மூச்சுக்குழாய்க்குள் போகாதிருக்க உன் மோவாயைத் தாழ்த்திப் பிடித்து, ஒரு வாய் இறங்கும்வரை அடுத்ததைக் கொடுக்காமல் காத்திருப்பார். நான் ஒரு முறை காட்டிக்கொடுத்ததை அதன்பின் ஒருநாளும் தவறவிடவில்லை. அந்த மாதங்களில் நீங்கள் இருவரும் சண்டையே போடவில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது, சாப்பாடு உள்ளே போயிருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பின், அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்தார். நீ போன நாளிலிருந்து அவர் யாருக்கும் தன் கையால் சோறு போடவில்லை. பக்கத்து வீட்டார்தான் பரிமாறினார்கள் என்று உன் அப்பா சொல்லியிருந்தார்.

"எம்மா, நீ படிச்ச பிள்ள. உண்மையச் சொல்லு. நான் ஊட்டுன சோறுதானா?"

தொண்டைத் தசை செத்துப்போனால் சொந்த எச்சில்கூட நுரையீரலுக்குள் போகும். சோறாகவும் இருக்கலாம், எச்சிலாகவும் இருக்கலாம். யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதை அப்படியே சொன்னேன். அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை எந்தப் பட்டை கட்டி எழுப்புவது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"அம்மா, நான் இன்னும் சாப்பிடல. ஊட்டி விடுங்க" என்றேன்.

குழாயைத் திறந்து கையைக் கழுவினார். பிறகு தட்டை எடுத்தார். என்னால் மென்று விழுங்க முடியும் என்பது அவர் நினைவில் இல்லையோ என்னவோ, பருக்கை தெரியாமல், காரமில்லாமல், உனக்குப் பிசைவதைப் போலவே பிசைந்தார். என் மோவாயைத் தாழ்த்திப் பிடித்தார். நான் விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய் கொடுத்தார். உப்புக்கூடப் போதாத அந்தச் சோறு, இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் தொண்டையில் இருக்கிறது.