வெறும் வயிற்றில் போட்ட குளிசை

அன்புள்ள கலிஸ்ரா,

நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டபடி எழுதுகிறேன். போனில் சொன்னால் வீடு முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் கொழும்பில் இரத்தம் சோதித்தேன். எனக்கு எச்.ஐ.வி. என்று வந்திருக்கிறது. பிழை என்னுடையது. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

தினம் ஒரு குளிசை தந்தார்கள். முதல் கிழமை வயிற்றைப் பிரட்டியது, தலை சுற்றியது. தவக்காலம்தானே, செய்த பாவத்துக்கு இதுவும் ஒறுத்தல் என்று நினைத்து, ஒருசந்தி இருந்து வெறும் வயிற்றில் போட்டேன். வெள்ளிக்கிழமை வேலைத்தளத்தில் சத்தி எடுத்து சிமெந்து மூட்டைகள் மேல் விழுந்தேன். காயமில்லை, பயப்படாதேயும்.

கிளினிக்கில் மருந்து தரும் தாதி மிசி ஏசினார். "இது மருந்து, தண்டனை இல்லை. சாப்பிட்டிட்டுப் போடுங்கோ. பிரட்டல் கொஞ்சக் கிழமையில குறையும். குறையாட்டி இங்க வாங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ."

இப்போது கஞ்சி குடித்துவிட்டுப் போடுகிறேன். வாய்தான் கசக்கிறது. தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் அனுப்புவீரா? கேட்கவும் வெட்கமாயிருக்கிறது.

இன்னொன்று. டிசம்பரில் நத்தாருக்கு நான் வீட்டில் வந்து நின்றதையும், சின்னவள் இன்னும் உம்மிடம் பால் குடிப்பதையும் மிசியிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

இதை வாசித்தவுடன் அவளையும் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு பேரும் இரத்தம் சோதியும். ஊறுகாய் வேண்டாம்.

லோறன்ஸ்