பூட்டுக்கு வெளியே தம்பி

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடக் கேட்டில் நடப்பதைத் தினமும் எழுதச் சொல்லிப் பயிற்சியில் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். அப்புறம் எதற்கு எழுதுவது என்று கேட்டேன். "எழுதினா உங்களுக்கே தெளிவாகும்மா" என்றார் பயிற்சியம்மா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் நான். நாற்பது தாண்டி முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்தேன். பள்ளிக்கூடத்துக்குள் முதல்முதலாகக் கால் வைத்ததே வாட்ச்மேன் வேலைக்குத்தான். பிள்ளைகள் வைத்த பெயர் கேட்டக்கா. தலைமையாசிரியரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பயிற்சியம்மாவும் ஒரு தாடிக்காரரும் வந்திருக்கிறார்கள். அடிதடி, மிரட்டல், வெளியாள் நுழைவது, இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டீச்சர், ஆயா, வேன் டிரைவர், நான் என்று எல்லாருக்கும் நான்கு நாள் பாடம். தாடிக்காரர் நல்ல மனிதர். என் முட்டிவலியைப் பற்றி அரைமணி நேரம் கேட்டார்.

ஜூன் 12, புதன்

மானம் போயிற்று.

பதினோரு மணிக்குத் தாடிக்காரர் கேட்டுக்கு வந்தார். "தாங்க முடியாத வெயில், கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா." திறந்தேன். நாற்காலி போட்டேன். டம்ளரோடு திரும்பினால் ஆளைக் காணோம். மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார்! அதுதான் இன்றைய ஒத்திகையாம். 'கேட்டைத் தாண்ட - நாற்பது வினாடி' என்று போர்டில் எழுதிவிட்டார்.

"உங்களைத்தான் தெரியுமே சார்" என்றேன்.

"எத்தனை நாளா தெரியும்?"

"நேத்துலேருந்து."

வேன் டிரைவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியே கழன்று விழுந்தது. "கேட்டக்கா, அடுத்த தடவை சாப்பாடும் போட்டு அனுப்புங்க" என்கிறார்.

தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது ஒரு படிப்பா?

ஜூன் 13, வியாழன்

இன்று ஆளுக்கொரு தாள். கேட்டில் யாரை நிறுத்தவே மாட்டீர்களோ அவர்கள் பெயரை எழுதுங்கள் என்றார் பயிற்சியம்மா. முதல் வரியில் 'என் தம்பி' என்று எழுதினேன். இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் மகள் இங்கேதான் மூன்றாம் வகுப்பு.

தாளை வாங்கிக்கொண்டு அந்த அம்மா சொன்னது: "இதுல இருக்கறவங்களைத்தான் முதல்ல நிறுத்தணும். பிள்ளைங்களுக்குக் கெடுதல் வர்றது பெரும்பாலும் தெரிஞ்ச ஆளாலதான்."

எனக்குச் சுரீரென்றது. இது என்ன நியாயம்? ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு செவலை நாய். மகா கெட்டிக்காரி. ஈ பறந்தாலும் குரைப்பாள். அவள் குட்டி போட்டபோது எங்கள் அப்பா பட்ட பாடு தனிக்கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அப்படிப்பட்ட நாய் இருந்தும் கோழி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பார்த்தால் பக்கத்து வீட்டு நாய். தினமும் வந்து போகிற முகம் என்பதால் செவலை ஒருநாளும் குரைக்கவில்லை.

அதற்காக என் தம்பி கோழி திருடனா?

ஜூன் 14, வெள்ளி

பயிற்சி முடிந்தது. ஆளுக்கொரு விசில். மூன்று தடவை நீளமாக ஊதினால் எல்லா வகுப்பும் உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, கூட்டிப்போகிறவர்கள் பெயர் மூன்று. தம்பி மகள் அட்டையில் அவள் அம்மா, அம்மாச்சி, சித்தி. அப்பன் பெயர் இல்லை.

போன மாதம் தம்பி பெண்டாட்டி கன்னம் வீங்கி என்னிடம் வந்தாள். நான் என்ன சொன்னேன்? "கோபக்காரன்தான், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான், பொறுத்துக்கோம்மா." அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்படிச் சொன்ன வாய் இது.

ஜூன் 16, ஞாயிறு

தம்பியைப் பாம்பு என்று அடிக்கவும் முடியவில்லை, பழுதைக் கயிறு என்று தாண்டவும் முடியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

விரலில் கட்டோடு எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். தோளில் பெரிய பை. "அக்கா, பாப்பாவைக் கூப்பிடு. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன்." ஐஸ்கிரீமுக்கு இவ்வளவு பெரிய பையா? ஜிப்பு முழுக்க மூடவில்லை. பாப்பாவின் மஞ்சள் பாவாடை நுனி தெரிந்தது.

"எங்கடா கூட்டிட்டுப் போறே?"

"எங்கயோ. பத்து நாள் பிள்ளையைக் காணோம்னா அவளே கால்ல வந்து விழுவா."

அட்டையில் உன் பெயர் இல்லை என்றேன். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "நான் யாருன்னு தெரியலையா உனக்கு? கதவைத் திறடீ" என்று கம்பியைப் பிடித்து உலுக்கினான். அக்காவை டீ போட்டுக் கூப்பிட்டதே இல்லை. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் தினமும் பார்த்த முகம் இதுதானா? எனக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் காட்டவில்லை? காட்டினானோ, நான்தான் பார்க்கலையோ?

விசிலை எடுத்தேன். ஊத மூச்சு வரல. தம்பிக்கா ஊதுறது, தம்பிக்கா... ஊதிட்டேன். மூணு தடவை. கதவெல்லாம் படபடன்னு சாத்துற சத்தம். அவன் கேட்டை எட்டி உதைச்சான், என் விரல் நசுங்கிடுச்சு. தலைமையாசிரியர் போலீசுக்குப் போன் பண்றதைக் கேட்டுட்டுப் பையோட போயிட்டான்.

ஜூன் 19, புதன்

என் வீட்டுக்காரர்: "ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்துத் திறந்துவிட்டவ, கூடப்பிறந்தவனுக்குப் பூட்டிட்டா." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதேன்.

செய்தது சரியா? விரலைப் பார்த்தால் சரி. அவனைக் குளிப்பாட்டிய நாளை நினைத்தால் தப்பு. எழுதினால் தெளிவாகும் என்றார்கள். எங்கே?

ஜூன் 21, வெள்ளி

தம்பி பெண்டாட்டி பாப்பாவைக் கூட்டிப்போக வந்தாள். என் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். "வலிக்குதா அண்ணி?"

அவள் கன்னத்தைப் பற்றி நான் ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. இன்று கேட்டேன். பாப்பாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

போலீஸ் அவனைக் கூப்பிட்டு, இனித் தகராறு பண்ண மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறது. என் போனை எடுப்பதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

செவ்வாய்தோறும் மாலையில், பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, தாடிக்காரர் பள்ளியின் பின்னறையில் உட்காருகிறார். பெண்டாட்டி மேல் கை நீட்டுகிற அப்பன்மார் வந்து பேசலாம். மூன்று வாரமாக ஈ, காக்கை இல்லை.

இன்று ஐந்தேகாலுக்குத் தம்பி வந்தான். பை இல்லை. கேட்டைத் தொடாமல், வெளியாள் நிற்கப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான். இளைத்திருக்கிறான். பாப்பா நாலு மணிக்கே போய்விட்டாள். இருந்தாலும் ஒரு தடவை வகுப்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பதிவு நோட்டைத் திறந்தேன்.

"பேரு?"

என்னையே பார்த்தான். பிறகு சொன்னான். எழுத்துக்கூட்டி எழுதினேன். அவன் பெயரை என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஓர் எழுத்து தப்பாகி, அடித்துத் திருத்தினேன்.

"தண்ணி இருக்காக்கா?"

கம்பி வழியாக டம்ளரை நீட்டினேன். முழுக்கக் குடித்தான். பின்னறையிலிருந்து வரச் சொல்லிப் போன் வரும்வரை நான் பூட்டைத் திறக்கவில்லை. அவனும் திற என்று சொல்லவில்லை.