மழையில் எடுத்து மடித்த துணிகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ முதல்முதலாக வாங்கி வாடகைக்கு விட்ட வீட்டிலிருந்து அந்த மருந்துக்கடைப் பெண் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். காரணம் நான்தான்.

இது நாம் பழகிக்கொள்கிற வீடு அப்பா, இந்தச் சின்ன வீட்டில் கற்றுக்கொண்டு அப்புறம் பெரிதாக வாங்கலாம், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கம்மா போன பிறகு காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் இருந்தவனுக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. வீட்டுக்காரர் என்றால் கொஞ்சம் மிடுக்காக இருங்கள் மாமா என்றார் மாப்பிள்ளை, எனக்கு மிடுக்கு எங்கே வந்தது, கையில் திருப்புளிதான் வந்தது. குழாய் சொட்டுகிறதா, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நினைத்தபோதெல்லாம் போய் நின்றேன். அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்தாள். அவள் மகள் மட்டும் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவாள், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் துணி காய்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து எல்லாவற்றையும் எடுத்து உள்ளே போட்டேன். அதோடு வந்திருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தேன், உங்கம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவளுடையதை மடிப்பேனே, அதே மாதிரி ஓரம் நீவி நீவி. எது புடவை, எது உள்துணி என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் உங்கம்மா பக்கத்து அறையில் படுத்திருப்பது போலவே இருந்தது. அடுக்கி வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏதோ நல்ல காரியம் செய்த நினைப்பில் மறுநாள் போனால் அவள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் வந்தேன் என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நீங்க கெட்டவர் இல்லைன்னு தெரியும் ஐயா. ஆனா பூட்டின வீட்டுக்குள்ள யாரு வந்து என் துணியைத் தொட்டாங்கன்னு தெரியாம, கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துட்டு நானும் எம்பொண்ணும் தூங்காமக் கிடந்தோம்” என்றாள். குரல்கூட உயரவில்லை. மன்னித்துவிடு அம்மா என்றேன், சரி என்றாள், ஆனாலும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கொடுத்த முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து குடிவருகிறவர்கள் கையில் எல்லாச் சாவியையும் கொடுத்துவிடு. போவதானால் முன்கூட்டியே கேட்டு, வரச் சொன்னால் மட்டும் போக வேண்டும். வாடகைக்கு விட்டபின் அது அவர்கள் வீடு என்பது இந்த வயசில் எனக்கு உறைத்திருக்கிறது, உனக்கு இப்போதே உறைக்கட்டும். பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். பொய் சொல்வானேன், வருத்தப்படுவேன், இருந்தாலும் கொடுத்துவிடு.

அப்பாவுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்றுதான் நீ இங்கே வாங்கினாய் என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது வீட்டை உனக்கு லாபம் வருகிற இடத்தில் வாங்கு. உங்கம்மா இல்லாத குறைக்கு நீ எத்தனை வீடு வாங்கினாலும் ஆகாது மகளே.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் நாலு நாள் வந்துவிட்டுப் போ. வீட்டைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்க்க வா.

என்றும் உன் நினைவோடு,
அப்பா