தூங்கும் பால்

மார்ச் 3, திங்கள்

மகன் வீட்டுப் பேரன் நீச்சலில் இரண்டாவதாக வந்திருக்கிறான். முதலாவது வந்தவனுக்குக் கால் நீளமாம், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவன் தங்கை கணக்கில் நூற்றுக்கு நூறு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்தில் பிழை திருத்துகிறவளும் அவள்தான். மகள் வீட்டுப் பேத்தி, என் சுண்டெலிக்கு ஒரு வயது பத்து மாதம். பதினாலு பல். ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருகிறாள். என் மகள் பஸ் ஓட்டுகிறாள். பன்னிரண்டு மீட்டர் வண்டி! இதை எத்தனை தரம் எழுதினாலும் கை வலிப்பதில்லை.

பிள்ளைப்பேறு லீவு முடிந்து பதினேழாம் தேதி அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். விடியற்காலை ஐந்து மணி வண்டி. சுண்டெலியோ கண் திறந்ததும் அம்மா மடியைத் தேடுவாள். கிடைக்காவிட்டால் வீடு இரண்டாகும். "பதினேழு வரலேன்னா ரூட்டு வேற ஆளுக்குப் போயிடும்" என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டாராம். அதற்குள் தாய்ப்பாலை நிறுத்தத்தான் என்னை வரவழைத்தார்கள்.

"ரெண்டு பிள்ளைக்கு நிறுத்தினவ நான். நாலே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நீலக் கோப்பையில் பால் கொடுத்தேன். என் மேல் ஊற்றினாள்.

மார்ச் 6, வியாழன்

சிவப்புக் கோப்பை. அதுவும் என் மேல்தான்.

மார்ச் 8, சனி

இன்று மூளை வேலை செய்தது. மகள் நெஞ்சின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, "பாலு தூங்குது, சத்தம் போடாத" என்றேன். சுண்டெலி உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றாள். மாப்பிள்ளை தும்மியதற்கு ஒரு முறைப்பு வேறு. பகல் முழுக்கக் கேட்கவே இல்லை. நானா கொக்கா!

மார்ச் 9, ஞாயிறு

தூங்கினது எழுந்திருக்கும் என்று யோசித்தேனா நான்? விடிந்ததும் துண்டை உருவிப் போட்டுவிட்டு, "பாலு, எந்தி! விடிஞ்சாச்சு! பல்லு வெளக்கணும்!" என்று தட்டித் தட்டி எழுப்புகிறாள். தினமும் நான் அவளை எழுப்பும் அதே தோரணை. மகள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. சிரித்துக்கொண்டே கொடுத்தும் விட்டாள்.

"ஒரே ஒரு வாய்தாம்மா."

ஒரு வாயாம். அரை மணி நேரம்!

"நாலு நாள் என்னாச்சு அத்தை?" என்றார் மாப்பிள்ளை. எனக்குக் காது கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

மகள் குளியலறையில் அழுதுகொண்டிருந்தாள். மார் கட்டிக்கொண்டு வலிக்கிறதோ என்று பதறிப்போனேன். குறைத்துக் குறைத்துத்தானே கொண்டு வருகிறோம் — அது இல்லையாம்.

"அவ மறந்துட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அடிப்பாவி. அப்போ யாருக்கு நிறுத்திட்டு இருக்கேன் நான்? பிள்ளைக்கா, தாய்க்கா?

"பாலைத்தான்டி மறப்பா. உன்னையா மறப்பா?" என்றேன். சொல்லிவிட்டு நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

இது மகளின் யோசனை. பிள்ளை எழுவதற்குள் சீருடை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்க ஏறுங்க! பஸ்ல கோப்பைலதான் குடிக்கணும்!" சுண்டெலி பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு என் மடியில் ஏறி, சிவப்புக் கோப்பையில் மூன்று வாய் குடித்தாள். மூன்றே வாய். நான் எண்ணினேன்.

மார்ச் 17, திங்கள்

மகள் இருட்டிலேயே போய்விட்டாள். நானும் மாப்பிள்ளையும் போருக்குத் தயாராக இருந்தோம். சுண்டெலி எழுந்தாள். காலியான தலையணையைப் பார்த்தாள்.

"பாலு வேலைக்குப் போச்சா?"

"போச்சும்மா."

"சரி." கையை நீட்டினாள். கோப்பைக்கு!

ஒன்றரை மணிக்கு மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். சுண்டெலி பாய்ந்து ஏறி, சட்டைப் பொத்தான் மேல் தட்டிக்கொடுத்து, "பாலு, தூங்கு" என்றாள். அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்தாள். மறக்கவில்லையே!

மார்ச் 23, ஞாயிறு

என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சுவரில் இருக்கும் மகள், சுண்டெலி படத்தை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். சின்னவள் அம்மா மடியில் முகம் புதைத்திருக்கிறாள், பின்னந்தலை மட்டும்தான் தெரிகிறது. மகளுக்குக் கடிதம் எழுத வேண்டும் — நீ சீருடையில், அவள் கையில் சிவப்புக் கோப்பை, முகம் தெரிய ஒரு புதுப் படம் எடு. போனில் வேண்டாம். தபாலில் போடு. ஆணி அடித்து வைத்துவிட்டேன்.