அக்கா, உன் வண்டி சூடாகிறது

என் பொன்னக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டி சூடாகிறது. டீசலையும் குடித்துத் தீர்க்கிறது. நீ இருந்தால் போன் போட்டு, நாலு திட்டு வாங்கிக்கொண்டு, என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டிருப்பேன். இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

நீ போனது ஐப்பசி மழையில். இப்போது பங்குனி வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்துபோட்டிருக்கிறது. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அதில் மாற்றமில்லை. கடம்பூரிலிருந்து கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி, திரும்ப அதே வழி. முன்பு நீ ஓட்டினாய், இப்போது நான் ஓட்டுகிறேன். நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் முதலாளி இதுவரை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் லீவு கேட்டு நிற்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அம்மாவை நினைத்துத்தானே நாம் பயந்துகொண்டிருந்தோம். நீ எதற்கு முந்திக்கொண்டாய்? காய்ச்சல்தானே என்று நடந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்தவள் நீ. இதற்கு ஒருநாள் நீ எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வண்டிக்கு வருகிறேன். ஒரு தடவை டேங்கை நிரப்பினால் அந்த வாரத்துக்கு நீ பங்க் பக்கமே போகமாட்டாய். எனக்குப் பாதி வாரத்திலேயே டீசல் முள் படுத்துவிடுகிறது. "நீ ஓட்டுனா வண்டி அழுதுரும்ல" என்று சிரிப்பாயே, அப்படித்தான் ஓட்டுகிறேனோ என்று முதலில் என் காலைத்தான் சந்தேகப்பட்டேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். டயருக்குக் காற்று பார்த்தேன். ஏர் பில்டரை மாற்றினேன். பிறகு அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. இன்ஜின் சூடு என்று அர்த்தம். அது எரியும்போதெல்லாம் பின்சீட்டில் படுத்திருக்கும் அம்மாவைக் கண்ணாடியில் பார்ப்பேன். வீங்கிய காலை மடக்க முடியாமல் கதவோரம் நீட்டியிருப்பாள். பஸ்ஸில் அவளை ஏற்றி இறக்கவா முடியும்?

கோவில்பட்டியில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். அந்த ஆள், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ஓடவிடாமல் நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி, தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா சூடே ஏறாது" என்றார். ரேடியேட்டர் பேனையும் சாவியைத் திருப்பினால் நிற்காமல் ஓடும்படி மாற்றிவிட்டார். விளக்கு சில நாள் அணைந்திருந்தது. நானும் நம்பினேன். டீசல் செலவோ முன்னைவிட ஏறியது. பிறகு விளக்கும் திரும்ப வந்துவிட்டது.

இன்னொருவர் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினை இறக்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வண்டி காத்திருக்கும். அம்மா உடம்பில் சேரும் தண்ணீர் காத்திருக்குமா? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஊற்றும் டப்பாவில் வேறொரு கூத்து. நான் ஊற்றும்போது பச்சையாக இருக்கும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். அளவு மட்டும் குறையவே குறையாது. வண்டிக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. ஒழுகாமல், குறையாமல், நிறம் மட்டும் எங்கே போகும்? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

போன வாரம் கயத்தாறு தாண்டியதும் சூடு காட்டும் முள் உச்சிக்குப் போய்விட்டது. பானட் இடுக்கிலிருந்து ஆவி. ஓரம்கட்டினேன். ஒதுங்க ஒரு வேலிக்கருவை நிழல்கூட இல்லை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிடுவோம் என்றார்கள். ரோட்டோரம் நின்று அழுதேன் அக்கா. லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சூடு ஆறியபின் மூடியைத் திறந்தேன். உள்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் பிடித்திருக்குமே, அதே வெள்ளை. நம் போர்த் தண்ணீர். யாரோ உப்புத் தண்ணீரை இதற்குள் ஊற்றியிருக்கிறார்கள். எவன் ஊற்றினான் என்று நான் கத்தியது எனக்கே கேட்டது.

பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "நாந்தாம்ல ஊத்துதேன்."

தினமும் விடிந்ததும் நீ பானட்டைத் தூக்கி டப்பாவை எட்டிப் பார்ப்பாயே, அதை அவள் அத்தனை காலமும் வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நீ கேன் தண்ணீரில் கூலண்ட் கலந்து, குறைந்தால் மட்டும் ஊற்றுவாய் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. "அவ காலைல அதுக்குத் தண்ணி காட்டுவால்லா. அவ போனபொறவு யாரு காட்டுதா?" என்றாள். மாட்டுக்குச் சொல்வது மாதிரியே சொன்னாள். நான் எழுவதற்கு முன்னால் தினமும் ஒரு சொம்பு. பானட் கொக்கிதான் எப்போதோ தளர்ந்துவிட்டதே, அவள் தூக்கினாலே திறந்துகொள்ளும். அளவுக்கு மேல் இருந்தால் ஓடும் சூட்டில் வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூலண்ட் வெளியே போக, உப்புத் தண்ணீர் உள்ளே போய் ரேடியேட்டரை அடைத்திருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. உன்னக் கூட்டிக்கிட்டுப் போற வண்டிம்மா இது, இதைக் கொன்னுட்டு நீயும் சாகவா பாக்குத என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எம்புள்ள கடைசில தண்ணி தண்ணின்னு கேட்டா. ஒரு வாய் குடுக்க விடலையே ஏல. அவ வண்டிக்காவது ஊத்துதேன்."

குழாய் போட்டிருக்கிறது, வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான். பஞ்சை நனைத்து உன் உதட்டில் வைத்தது நான். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நீ கேட்டது அவளுக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை மாதம் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

ஒரு கல்யாண வேன் நின்றது. பட்டுச்சேலைக்காரிகள் நெருக்கிக்கொண்டு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி பாட்டிலை நீட்டி, குடிங்க என்றாள். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று நீ அளந்துவைத்த டம்ளர் இன்னும் நம் அடுப்படியில் இருக்கிறது. அம்மா பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி, கடைசி ஆளாகப் படுக்கவைத்தேன். அன்று பிழைத்தாள். அடுத்த தடவை?

வண்டியைக் கயத்தாறுக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டு ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். புது தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. அடைப்பால் முன்பே குடித்தது போதாதென்று, அது இல்லாததால் இன்ஜின் சூடேற வேண்டிய அளவுக்கே ஏறாமல், காலை ஓட்டத்தில் டீசலைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பேனையும் பழையபடி மாற்றியாயிற்று. முள் நடுவில் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. வண்டிக்கும் சொல்லத் தெரியாது, அம்மாவுக்கும் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் அந்த முள்ளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் பார்த்தால், அம்மா சொம்போடு பானட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஊற்றக்கூடாது என்று புரிந்திருக்கிறது. போகவும் மனமில்லை. அப்படியே நிற்கிறாள்.

நான் போய் பானட்டைத் தூக்கினேன். ஓரத்தில் நீல மூடி போட்ட இன்னொரு டப்பா இருக்கிறதே, முன்கண்ணாடியில் பீச்சி அடிக்கும் தண்ணீருக்கு, அதைத் திறந்தேன். இனிமே இதுல ஊத்தும்மா என்றேன். "இதும் வண்டி வயித்துக்குத்தாம்ல போவுது?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன்.

ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அம்மா இருக்கும்வரை அந்த நீல மூடியை நான்தான் திறந்துவிடுவேன். கயத்தாறு ரோட்டில் ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரை அடித்து, கண்ணாடியில் படிந்த கரிசல் புழுதியைக் கழுவி, டப்பாவைக் காலியாக்கிக்கொண்டுதான் வீடு திரும்புவேன். காலையில் அவள் ஊற்ற அதில் இடம் இருக்கும். உப்புத் தண்ணீர்தான், காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது. வழி மறைக்கிறது. நான் இறங்கித் துடைத்துக்கொள்கிறேன்.

உன் வண்டியை இன்னும் அழவைத்துக்கொண்டிருக்கும்,
உன் கூடப்பிறந்த தம்பி.